பாலையும் நெய்தலும் ஒரே பயணத்தில்: கட்ச், அமீரகம், ஓமான்

பாட்டி, தாத்தா, இரண்டு குழந்தைகள், கணவன் மனைவி என ஆறு பேர் கொண்ட குடும்பம் பாலைவனத்தையும் பார்க்க வேண்டும், கடலிலும் கால் நனைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, கட்ச்சா, துபாயா, ஓமானா என்று திகைத்து நிற்பது ஆயுத பூஜை முடிந்த கையோடு ஆண்டுதோறும் நடக்கிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் எங்கே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது என்று கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அந்தக் கேள்வி அவ்வளவாக உதவுவதில்லை. பாலைவனம் என்பது ஒரு மாலையும் ஓர் இரவும்தான். கடற்கரை என்பது இரண்டு காலைப்பொழுதுகள். எஞ்சிய நேரமெல்லாம் அவை இரண்டுக்கும் இடையிலுள்ள சாலையில்தான் கழிகிறது. ஆகவே அந்தச் சாலையை யார் தாங்குவார், யார் தாங்கமாட்டார் என்பதிலிருந்து தொடங்குவதே சரி.

## அளவுகோல்கள்

முதல் அளவுகோல் தேதி. தமிழ்நாட்டுப் பள்ளி நாட்காட்டி பாலைவனத்துக்கு எதிராகவே வகுக்கப்பட்டதுபோல் இருக்கிறது. நீண்ட விடுமுறை கிடைக்கும் ஏப்ரல், மே மாதங்களில் புஜ், துபாய், மஸ்கட் மூன்றுமே 40 டிகிரியைத் தொட்டுவிடும். காலாண்டு விடுமுறையின்போது வளைகுடாவில் புழுக்கம் இன்னும் அடங்கியிருக்காது. கட்ச்சின் உப்பு நிலத்திலோ மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். மிஞ்சுவது டிசம்பர் கடைசி வாரத்து அரையாண்டு விடுமுறையும் பொங்கலை ஒட்டிய நான்கைந்து நாட்களும் மட்டுமே. இவற்றில் முன்னது எல்லா ஊர்களிலும் விலை உச்சத்தில் இருக்கும் வாரம் என்பதால், பொங்கலோடு இரண்டு நாள் விடுப்பு சேர்த்துக்கொள்ள முடிந்தவர்கள் அதையே எடுத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, குடும்பத்தில் உடல் வலு மிகக் குறைந்தவர் யார் என்பது. முழங்கால் வலி உள்ள பாட்டியா, இடுப்பு வலி உள்ள அப்பாவா, மூன்று வயதுக் குழந்தையா? வழியில் கழிப்பறை எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறது என்பதைச் சுற்றுலாத் துண்டறிக்கை எதுவும் சொல்லாது. ஆனால் சர்க்கரை நோய் உள்ள பெரியவருக்குப் பயணம் இனிக்குமா கசக்குமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான்.

மூன்றாவது, மணலுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள தொலைவு. நான்காவது, நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் பாலைவனம் எது, கடல் எது என்பது. குழந்தை ஒட்டகமும் மணல்மேடும் வரைந்து வைத்திருக்கும்போது உப்புச் சமவெளியைக் கொண்டுபோய்க் காட்டினால் அது முகம் சுளிக்கும். ஐந்தாவது, முகவர் சொல்லும் தொகைக்கு வெளியே நிற்கும் செலவு. இந்தக் கடைசி விஷயத்தில்தான் மூன்று இடங்களும் மிகவும் வேறுபடுகின்றன.

## கட்ச்: உப்பும் மரக்கலமும்

பரப்பளவில் இந்தியாவின் மிகப்பெரிய மாவட்டமான கட்ச்சின் வடக்கே ரண் என்னும் உப்புப் பாலை, தெற்கே அரபிக்கடல். நடுவில் இருக்கும் புஜ் நகரத்தில் ஒரே அறையில் தங்கிக்கொண்டு வடக்கே ஒரு நாளும் தெற்கே ஒரு நாளும் போய்வரலாம். வெள்ளை ரண் தொடங்கும் தோர்டோ கிராமம் சுமார் 85 கி.மீ., மாண்ட்வி கடற்கரை சுமார் 60 கி.மீ. தினமும் பெட்டி கட்ட வேண்டியதில்லை என்பது பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்குச் சாதாரணச் சலுகை அல்ல.

ரண் மணல் பாலைவனம் அல்ல. பருவமழையில் நீர் நிறைந்து, அக்டோபர், நவம்பரில் வற்றி, உப்பு மட்டும் தங்கும் சதுப்பு நிலம் அது. நவம்பர் நடுவில் போனால் சில இடங்களில் இன்னும் சேறாகவே இருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அடிவானம்வரை வெள்ளை. கால் வைத்தால் மேல்தோல் மொறுமொறுவென உடைகிறது. ஓரிடத்தில் சற்று நின்றால் அடியிலிருந்து ஈரம் கசிந்து செருப்பின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. அறைக்குத் திரும்பியபின் அது காய்ந்து வெள்ளைக் கோடாகப் படிகிறது. நல்ல தோல் செருப்பை அங்கே போட்டுப் போகாதீர்கள். எல்லைப் பகுதி என்பதால் வெள்ளை ரணுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். இணையத்திலோ வழியில் உள்ள சோதனைச் சாவடியிலோ அடையாள அட்டை காட்டிப் பெறலாம்.

கடல் பக்கம் மாண்ட்வி. கடற்கரை சாதாரணமானதுதான், நம் கோவளத்தைக் கண்டவர்களை அது வியக்க வைக்காது. ஆனால் ஊருக்குள் ருக்மாவதி ஆற்றங்கரையில் பெரிய மரக்கலங்களை இன்றும் கையால் கட்டுகிறார்கள். விலா எலும்புகள்போல் நிற்கும் சட்டங்களின்மேல் பலகை அறைந்து, பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து இறக்கும் சத்தத்தைக் கேட்டபடி எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கடற்கரையைவிட அதிக நேரம் அங்கேதான் நின்றார்கள். பக்திமிக்க பெரியவர்களுக்கு மேற்குக் கோடியில் கடலோரக் கோட்டேஸ்வர் சிவன் கோயிலும் அருகிலேயே நாராயண் சரோவரும் உண்டு. ஆனால் புஜ்ஜிலிருந்து சுமார் 150 கி.மீ. என்பதால் அதற்கென ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் சற்று வளர்ந்தவர்களாக இருந்தால், 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தின் நினைவாகப் புஜ்ஜில் அமைந்துள்ள ஸ்மிருதிவனத்தையும், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சிந்துவெளி நகரமான தோலாவீராவையும் விட்டுவிடாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. முதலாவது போய்ச் சேரும் செலவு. தமிழ்நாட்டிலிருந்து புஜ்ஜுக்கு மும்பை வழியாகவோ அகமதாபாத் வழியாகவோ மாறித்தான் போக வேண்டும்; டிசம்பரில் புஜ் விமான இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடும். அகமதாபாத்திலிருந்து 2024 செப்டம்பரில் தொடங்கிய நமோ பாரத் ரயில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் புஜ்ஜுக்குக் கொண்டுசேர்க்கிறது. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் காந்திதாமுக்கு வாராந்திர ரயில் உண்டு; அங்கிருந்து புஜ் சுமார் 60 கி.மீ.தான். கொங்கண் வழியே போகும் அந்த நீண்ட ரயில் பயணத்தைச் சில குடும்பங்கள் விரும்பும். மூன்று வயதுக் குழந்தை விரும்பாது. இரண்டாவது, வெள்ளை ரணில் குளிர்காலத்தில் நடக்கும் ரண் உத்சவ் விழாவின் கூடாரம். பௌர்ணமி இரவுகளில் விலை ஏறும். நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். மூன்றாவது குளிர். கட்ச்சின் நலியா குஜராத்திலேயே மிகவும் குளிர்ந்த ஊர்களில் ஒன்று. துணிச்சுவர் கூடாரத்தில் இரவு வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவதை, மார்கழிப் பனிக்கே கம்பளி தேடும் நம் பெரியவர்கள் எளிதாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். அவர்களைப் புஜ்ஜில் கட்டட விடுதியில் தங்கவைத்து மாலைக்கு மட்டும் ரணுக்கு அழைத்துப்போவது பணத்துக்கும் மூட்டுக்கும் நல்லது. நான்காவதாக அஜ்ரக் என்னும் கட்ச்சின் அச்சுத் துணி ஒன்று உண்டு. அதைச் செலவில் சேர்ப்பதா சேமிப்பில் சேர்ப்பதா என்பது அவரவர் வீட்டு வழக்கு.

உணவு சைவத்துக்கு மிகவும் எளிது. மூன்றாம் நாள் தாத்தா ரசம் சாதம் கேட்பார் என்பதை மட்டும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

## அமீரகம்: வசதி விலைக்குக் கிடைக்கும் இடம்

நேரத்தை மட்டும் கணக்கிட்டால் துபாயை வெல்வது கடினம். சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்தை ஒட்டிய நேரடி விமானம். இறங்கிய நகரத்திலேயே கடற்கரை. செம்மணல் மேடுகள் கொண்ட லஹ்பாப் பகுதியும் துபாய் நகரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். காலையில் கடலில் குளித்துவிட்டு அன்று மாலையே மணல்மேட்டில் சூரியன் மறைவதைப் பார்த்து, இரவு பத்து மணிக்கு மெத்தையில் படுத்துவிடலாம். நகரக் கடற்கரைகளில் கழிப்பறையும் குளியலிடமும் உயிர்காப்பாளரும் உண்டு. வளைகுடாவின் அலை நம் வங்கக்கடல் அலையைப்போல் இழுப்பதில்லை. சிறு குழந்தைக்கு இதைவிடப் பாதுகாப்பான கடலை இந்த மூன்றில் நான் சொல்லமாட்டேன். துபாயின் கராமா, பர் துபாய் வட்டாரங்களில் தமிழில் பேசியே இட்லி வாங்கலாம். பெரியவர்கள் கோயில் கேட்டால், 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அபுதாபியின் கற்கோயில் இருக்கிறது.

இங்கே ஏமாற்றம் தருவது பாலைவனம்தான். 'டெசர்ட் சஃபாரி' என்று விற்கப்படுவது வண்டியை மணல்மேட்டில் ஏற்றி இறக்கிக் குலுக்கும் அரை மணி நேரம், பிறகு விளக்கும் பாட்டும் நிறைந்த முகாம், வரிசையில் நின்று வாங்கும் இரவு உணவு. எங்கள் வண்டி இரண்டாவது மேட்டில் சரிந்தபோது முன்னிருக்கையைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிய என் மாமியார், முகாமில் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அதைத் திறக்கவே இல்லை. முதுகு வலி, இதய நோய் உள்ளவர்களையும் கருவுற்றவர்களையும் கைக்குழந்தைகளையும் அந்த ஓட்டத்தில் ஏற்றவே கூடாது. முன்பதிவின்போதே அவர்களை மட்டும் சாலை வழியாக நேரே முகாமுக்கு அழைத்துப்போகும்படி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பாலைவனத்தை அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் துபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதியில் மெதுவாகச் செல்லும் பயணங்கள் உண்டு. அல்லது அபுதாபியிலிருந்து தெற்கே லிவா பாலைவனச் சோலைக்குப் போய், ரப் அல் காலி பெருமணலின் விளிம்பில் ஓரிரவு தங்கலாம். அப்படிச் செய்தால் அமீரகத்தின் பெரிய பலமான குறைந்த பயண நேரம் கரைந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு தலைக்கு எண்ணி வளர்கிறது. கோபுரம், மீன் காட்சியகம், பூங்கா என ஒவ்வொன்றுக்கும் ஆறு நுழைவுச்சீட்டு. ஆறு பேர் சாதாரண டாக்சி ஒன்றில் ஏற முடியாது. பெரிய வண்டியோ இரண்டு வண்டியோ வேண்டும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காரில் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். துபாய் விடுதிகள் அறை வாடகைக்கு மேல் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம் வரை சுற்றுலாக் கட்டணம் வாங்கும். முகாமில் வல்லூறைக் கையில் ஏந்திப் படம் எடுப்பதும் நாற்சக்கர மணல் பைக்கும் பெரும்பாலும் தனிக் காசு.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். வீட்டு மசாலாப் பொடியில் கசகசா அரைத்திருந்தால் அது பெட்டியில் ஏறவே கூடாது. கோடீன், டிரமடால் கலந்த மாத்திரைகளுக்கு அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் முன் அனுமதி தேவை. பெரியவர்களின் மருந்துச் சீட்டை ஒருமுறை இதற்காகவே படித்துப்பாருங்கள்.

## ஓமான்: நல்ல பாலைவனம், நீளமான சாலை

இந்த மூன்றில் பாலையும் நெய்தலும் உண்மையாகவே சரிசமமாக நிற்கும் இடம் ஓமான் என்பது என் கருத்து. மஸ்கட்டிலிருந்து கடலோர நெடுஞ்சாலையில் சுமார் 200 கி.மீ. சூர் நகரம், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ராஸ் அல் ஜின்ஸ் ஆமைக் காப்பகம், பிறகு உள்நாட்டுக்குத் திரும்பினால் ஷர்கியா மணல், பழைய பெயரில் வஹிபா மணல், சுமார் 12,500 சதுர கி.மீ. பரப்புள்ள மணற்கடல், அதன் வாயிலில் பிதியா, அங்கிருந்து மஸ்கட்டுக்கு மூன்று மணி நேரம். இந்த வட்டத்தை மட்டும் மூன்று இரவுகளில் முடிக்கலாம். நான்கு இரவுகள் இருந்தால் பெரியவர்கள் நன்றி சொல்வார்கள்.

ராஸ் அல் ஜின்ஸில் பச்சை ஆமைகள் ஆண்டு முழுவதும் கரையேறினாலும் அதிகம் வருவது கோடையில். டிசம்பரில் ஓர் இரவில் ஒன்றிரண்டே வரலாம். சில இரவுகளில் எதுவும் வராமல் போகலாம். வழிகாட்டி சிறு குழுவாக இருட்டில் அழைத்துப்போவார். கேமரா வெளிச்சம் கூடாது. ஆமை பின்துடுப்பால் மணலை வாரி எறியும்போது அது முகத்தில் வந்து விழும் அளவுக்குக் கிட்டே நின்ற குழந்தை, மறுநாள் பார்த்த எதையும் பெரிதாக நினைக்காது. ஆனால் அதற்காகக் குழந்தையை இரவிலோ விடியற்காலையிலோ எழுப்பி நடத்த வேண்டியிருக்கும்.

வழியில் நீர்ப்பள்ளத்தாக்குகள் உண்டு. வாதி ஷாப் இளைஞர்களுக்கானது. முக்கால் மணி நேரம் கல்லில் நடந்து, பிறகு நீந்த வேண்டும். வாதி பனி காலித்தான் குடும்பத்துக்கு ஏற்றது. நடை குறைவு, நிழலும் உணவும் உண்டு, கால் நனைத்துக்கொண்டு உட்கார இடம் உண்டு. மழை எச்சரிக்கை இருந்தால் எந்த வாதிக்கும் போகாதீர்கள். 2024 ஏப்ரலில் பெய்த பெருமழையில் ஓமானின் வாதிகளில் வந்த திடீர் வெள்ளம் பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலரின் உயிரைக் கொண்டுபோனது. வானம் தெளிந்திருந்தாலும் மலையில் பெய்தது கீழே வரும்.

செலவில் முதல் அதிர்ச்சி நாணயம். ஓமான் ரியால் ஒன்று ஏறக்குறைய 2.6 டாலர், அது ஆயிரம் பைசாவாகப் பிரிகிறது. விலைப்பட்டியலில் 5 என்று கண்டவுடன் மலிவு என்று கை தானாக நீளும். இரண்டாவது வண்டி. நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் சாதாரணக் கார் போதும். மணலுக்குள் போக நாற்சக்கர இயக்க வண்டியும், டயரின் காற்றைப் பாதியாக இறக்கி ஓட்டத் தெரிந்தவரும் வேண்டும். முதல்முறை போகிறவர் தாமே மணலில் ஓட்ட முயலவே வேண்டாம். பிதியாவில் காரை நிறுத்திவிட்டு, முகாமின் வண்டியில் ஏறிக்கொள்வதே வழி. அதற்கான கட்டணம் பெரும்பாலும் அறை வாடகையில் அடங்காது. சாலையில் வண்டிகள் வலப்புறம் ஓடும் என்பதால் நாமே ஓட்டுவதா, ஓட்டுநரோடு எடுப்பதா என்று முன்பே முடிவு செய்யுங்கள். பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் இல்லாமல் கிளம்பாதீர்கள். உணவைப் பொறுத்தவரை மஸ்கட்டின் ருவி வட்டாரத்தைத் தாண்டிவிட்டால், பெட்ரோல் நிலையங்களை ஒட்டி மலையாளிகள் நடத்தும் தேநீர்க் கடைகளின் பரோட்டாவும் முட்டையும்தான் பெரிய துணை. தீவிரச் சைவர்கள் மூன்று நாளைக்கான பொடியும் ஊறுகாயும் கொண்டுபோகலாம். கசகசாவை இங்கும் தவிர்த்துவிடுங்கள்.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | கட்ச் | அமீரகம் | ஓமான் |
|---|---|---|---|
| பாலையின் தன்மை | உப்புச் சமவெளி | மணல்மேடு, முகாம் கூட்டம் | விரிந்த மணற்கடல் |
| கடலின் தன்மை | சாதாரணம்; மரக்கலம் கட்டுமிடம் சிறப்பு | வசதியானது, குழந்தைக்கு ஏற்றது | அழகானது, ஆமைகள் உண்டு |
| பாலைக்கும் கடலுக்கும் இடையே | புஜ் வழியே சுமார் 145 கி.மீ. | ஒரு மணி நேரத்துக்குள் | சூர் வழியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் |
| விடுதி மாற்றம் | தேவையில்லை | தேவையில்லை | இரண்டு மூன்று முறை |
| குறைந்தபட்ச இரவுகள் | 4 | 4 | 5 |
| எதிர்பாராத செலவு | போக்குவரத்து, கூடாரம் | தலைக்கு ஒரு சீட்டு | வண்டி, நாணய மதிப்பு |

வெளிநாட்டுத் தேர்வுகள் இரண்டுக்கும் பொதுவாகச் சில உண்டு. சிறுவர் கடவுச்சீட்டு ஐந்தாண்டுக்கே செல்லும். பெரியவர்களுடையது பத்திரமாக இருக்க, குழந்தையுடையது காலாவதியாகியிருப்பதை விசா விண்ணப்பத்தின்போதுதான் பலரும் கண்டுபிடிக்கிறார்கள். முகவரிடம் மொத்தப் பொதியாக வாங்கினால் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அது திரும்பச் சேரும் என்றாலும், அன்றைக்குக் கையிலிருந்து போகும் பணம் போனதுதான். ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் குழந்தைக்கு உணவு ஊட்டக்கூட இடம் தேட நேரலாம். ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி நகரும் அம்மாதம் 2027இல் பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் தொடங்கும். 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இருமுறை வரும். நல்ல பருவத்தின்மேலேயே அது இனிச் சில ஆண்டுகள் அமரும் என்பதால் தேதியைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

## யாருக்கு எது?

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்து, கிடைப்பதும் நான்கே நாட்கள் என்றால் அமீரகம். பாலைவனத்தை ஒரு மாலையாகச் சுருக்கிக்கொண்டு, மிச்ச நேரத்தைக் கடலுக்குக் கொடுத்துவிடுங்கள். பெரியவர்கள் எழுபதைத் தாண்டியிருந்து, கடவுச்சீட்டு இல்லாமல், உணவிலும் கட்டுப்பாடு உள்ளவர்கள் என்றால் கட்ச்சைத் தவிர வேறு யோசனை வேண்டாம். ஆனால் அகமதாபாத்தில் ஓர் இரவு தங்கி இளைப்பாறிப் போங்கள். பிள்ளைகள் எட்டு வயதைக் கடந்து, பெரியவர்களும் நன்றாக நடப்பவர்களாக இருந்து, ஆறு நாட்கள் கையில் இருந்தால் ஓமான். பணம் ஒன்றே தடை என்றால் ஓமானை இரண்டு ஆண்டு தள்ளிப்போடலாம். அதை அவசரமாக மூன்று நாளில் முடிக்க முயல்வதைவிட அது மேல்.

ஜோர்டானைச் சிலர் கேட்கிறார்கள். வாதி ரம் பாலைவனத்திலிருந்து செங்கடலோர அகபாவுக்கு ஒரு மணி நேரம்தான். பாலையும் பவளப்பாறையும் அவ்வளவு நெருக்கமாக வேறெங்கும் கிடைப்பது அரிது. ஆனால் நம் ஊரிலிருந்து விமானம் மாறிப் போய், குளிரான டிசம்பரில் கூடாரத்தில் தங்க வேண்டியிருக்கும். தம்பதியாகப் போகலாம், ஆறு பேராக வேண்டாம்.

இந்த ஆண்டு டிசம்பரில் விடுப்பே கிடைக்காத குடும்பத்துக்கு என்னிடம் ஒரு சிறிய யோசனை இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு, பாலைவனமாக இல்லாவிட்டாலும், காற்று குவித்த செம்மணல் மேடுகள்தான். பனையும் முள்மரமும் ஊடே நிற்கும். திருச்செந்தூரில் அறை எடுத்து, வெயில் ஏறுமுன் காலை ஏழு மணிக்கு குதிரைமொழித் தேரிக்குள் வெறுங்காலோடு பிள்ளைகளை ஓடவிட்டு, மாலையில் மணப்பாடு கடற்கரைக்குப் போய்விடலாம். மணல்மேட்டில் ஏறும்போது கால் புதைந்து பின்னுக்கு வழுக்கும் அந்த உணர்வு வஹிபாவிலும் இதேதான். குழந்தைக்கு அது பிடிக்கிறதா, அரை மணி நேரத்தில் தூக்கிக்கொள்ளச் சொல்கிறதா என்பதை விசாவுக்குப் பணம் கட்டுமுன் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.